மண்ணடியில் நான் டேப்பும் வளையமும் வாங்கும் கடை

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு, நாய்களுக்கான கழுத்துப்பட்டை, லீஷ் (நாயைப் பிடித்து நடத்தும் நாடா), ஹார்னஸ் (மார்போடு சேர்த்து மாட்டும் பட்டை) ஆகியவற்றைக் கையால் வெட்டித் தைத்து இணையத்தில் விற்று வருகிறேன். தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. புதிதாக இதே தொழிலில் இறங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த இயந்திரம் வாங்கலாம் என்பதைத்தான். பொருளை எங்கே வாங்குவது என்று கேட்பவர் மிகக் குறைவு. என் அனுபவத்தில் கழுத்துப்பட்டையின் பெயரைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் அதிலுள்ள வளையமும் பக்கிளும்தான் என்பதால், இரண்டரை ஆண்டுகளாக நான் பொருள் வாங்கிவரும் மண்ணடிக் கடையைப் பற்றி விரிவாக எழுதுவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

மண்ணடி மெட்ரோ நிலையத்தில் இறங்கி அங்கப்ப நாயக்கன் தெருப் பக்கம் நடந்தால் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இந்தக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை என்று ஒன்று கண்ணில் படாது. கீழேயுள்ள தேநீர்க் கடையில் ‘டேப் கடை’ என்று கேட்டால் படிக்கட்டைக் காட்டுவார்கள். பள்ளிப் பை, பயணப் பை தைப்பவர்களுக்கான நாடா, பக்கிள், ஜிப், கொக்கி ஆகியவைதான் அங்கு முதன்மை வியாபாரம். நாய்ப் பட்டைக்கென்று தனியாக எதுவும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். நமக்கு வேண்டியதை நாமே தேடி எடுக்க வேண்டும்.

இந்தக் கடைக்கு நான் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு கசப்பான காரணம் உண்டு. ஆரம்பத்தில் இணையத்தில் ஒருவரிடமிருந்து ‘ஸ்டீல் டி ரிங்’ என்று சொல்லப்பட்ட, ஆங்கில D வடிவ வளையங்களை ஒரு பெட்டி வாங்கினேன். திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டிய வீட்டில் வெள்ளைப் பொமரேனியன் வளர்க்கும் ஒருவர் அந்த வளையம் வைத்துத் தைத்த பட்டையை வாங்கியிருந்தார். மூன்றே மாதத்தில் அவர் அனுப்பிய படத்தில், நாயின் கழுத்து முடியில் பிறை வடிவில் பழுப்பு நிறக் கறை படிந்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விற்காமல் இருந்த முப்பத்தேழு பட்டைகளின் தையலையும் உட்கார்ந்து பிரித்தேன். பிரித்த வளையங்களில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டுதான் மண்ணடிக்குப் போனேன்.

கடைக்காரர் அந்த வளையத்தைக் கையில் வாங்கி, மேசைக்கு அடியிலிருந்து பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்தார். அதை நூலில் கட்டி வைத்திருந்தார். வளையத்தின் அருகே கொண்டுபோனதும் ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது. “உள்ள இரும்பு, மேல நிக்கல் முலாம். நம்ம ஊர் உப்புக் காத்துக்கு இது நிக்காதும்மா” என்றார். அடுத்து இன்னொரு வளையத்தை எடுத்துக் காட்டினார். அது காந்தத்தில் ஒட்டவில்லை. நான் நிம்மதியடைந்த அதே நேரத்தில், “ஒட்டலைன்னு உடனே நம்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டு அரத்தால் அதன் ஓரத்தை இரண்டு முறை தேய்த்தார். பளபளப்பு நீங்கி உள்ளே மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தது. துத்தநாகக் கலவையில் வார்த்த வளையம் அது. துருப்பிடிக்காது என்றாலும், பெரிய நாய் திடீரென்று பாய்ந்து இழுக்கும்போது வளையாமல் சட்டென்று உடையக்கூடியது. மூன்றாவதாகக் காட்டிய 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையத்தில், தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் ஒரே நிறமாக இருந்தன. வளையத்தின் இணைப்பும் பற்றவைத்து மூடப்பட்டிருந்தது. இணைப்பு மூடாத வளையம், இழுக்க இழுக்க வாய் திறந்து நாடாவை நழுவ விட்டுவிடும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

விலையில் வேறுபாடு பெரியது. கடைசியாக நான் வாங்கியபோது ஒரு அங்குல இரும்பு வளையம் நான்கு ரூபாய், அதே அளவு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம் பதினெட்டு ரூபாய். கழுத்துப்பட்டையின் விலையில் இந்தப் பதினான்கு ரூபாயைக் கூட்டி, ஏன் கூட்டினேன் என்பதையும் வாங்குகிறவருக்கு எழுதிவிடுகிறேன். இதுவரை யாரும் அதற்காக முகம் சுளித்ததில்லை.

நாடா விஷயத்திலும் இந்தக் கடை நேர்மையாக இருக்கிறது. பல இடங்களில் எல்லா டேப்பையும் ‘நைலான்’ என்றே சொல்லி விற்கிறார்கள். இங்கே ‘பிபி’ எனப்படும் பாலிப்ரொப்பிலீன் வேறு, நைலான் வேறு என்று தனித்தனி அலமாரியில் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டை வெட்டித் தண்ணீர் டம்ளரில் போட்டு, காற்றுக் குமிழ் போக விரலால் அழுத்திவிட்டுப் பார்க்கச் சொல்வார்: பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசானது என்பதால் மேலே வந்து மிதக்கும், நைலான் அடியில் தங்கிவிடும். பிபி நாடா மலிவானது, ஈரத்தை உறிஞ்சாதது; ஆனால் வெயிலில் கிடந்தால் விரைவில் நைந்து போகும், அதன் முரட்டு ஓரம் குட்டை முடி நாய்களின் கழுத்தில் உராய்ந்து புண்ணாக்கும். நைலான் மென்மையானது, உறுதியானது. நனைந்தால் சற்று நீளும், உலரவும் நேரமாகும். ஆகவே கழுத்துப்பட்டைக்கு நைலானையும், அடிக்கடி கழுவப்படும் லீஷுக்கு மட்டும் தடித்த பிபி நாடாவையும் பயன்படுத்துகிறேன். இடையில் சில மாதங்கள் பெரியமேட்டில் தோல் வாங்கிப் பட்டை செய்து பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கார்த்திகை மழையில் அலமாரியில் வைத்திருந்தவை எல்லாம் பூஞ்சை பிடித்ததும் அதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் பாராட்டிச் சொல்ல வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்களுக்குத் தலை குறுகலாக இருக்கும், கழுத்து அதற்கு ஈடாக அகலமாக இருக்கும். சாதாரணப் பட்டையைப் போட்டால் பின்னால் ஓரடி எடுத்து வைத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். இவற்றுக்கு, இழுக்கும்போது மட்டும் ஓரளவு இறுகும் மார்டிங்கேல் பட்டைதான் சரி. அதற்கு ஒரு டி வளையத்துடன், நாடாவின் அகலத்துக்குப் பொருந்தும் செவ்வக வளையங்கள் இரண்டும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஸ்லைடரும் தேவை. ஒன்றரை அங்குலத்தில் பற்றவைத்த செவ்வக வளையம் எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. நான் தாளில் வரைந்து காட்டியதைப் பார்த்து, இரண்டு வாரத்தில் ஐம்பது வளையங்களைச் செய்து வாங்கிக் கொடுத்தார். ஐம்பது என்பது அவருக்கு ஒரு வியாபாரமே இல்லை.

குறைகளும் உண்டு. சாயத்தின் லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதி) மாறினால் நிறம் மாறிவிடும். ஜனவரியில் வாங்கிய கருநீலமும் மார்ச்சில் வாங்கிய கருநீலமும் பக்கத்தில் வைத்தால் இரண்டு நிறம். பட்டையும் லீஷும் ஒரே நிறத்தில் ஜோடியாக விற்பவர்கள், ஜோடிக்குத் தேவையான நாடா முழுவதையும் ஒரே ரோலில் வாங்கிவிட வேண்டும். பத்து மீட்டருக்குக் குறைந்து வெட்டித் தர மாட்டார்கள். வெளிமாநிலங்களுக்கும் அனுப்புவதால் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள், முறையான பில் வேண்டும் என்று பொருளை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் கேட்டால் அரை மணி நேரம் காத்திருக்க நேரிடும். படிக்கட்டு செங்குத்தானது, முதியவர்களால் ஏற முடியாது. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. சென்ற ஆண்டு, எப்போதும் வாங்கும் ஒரு அங்குல பக்கிளைக் கேட்டு வாங்கி வந்தேன். தயாரிப்பாளர் அச்சை மாற்றியிருக்கிறார் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பழைய பெட்டியின் ஆண் பாகமும் புதிய பெட்டியின் பெண் பாகமும் என் மேசையில் கலந்துவிட்டன. பூட்டும்போது சத்தம் சரியாகவே கேட்டது, ஆனால் பிடிப்பு முழுமையாக இல்லை. பெரம்பூரில் ஒரு லாப்ரடார் நடைப்பயிற்சியின்போது இழுத்ததில் பட்டை கழன்று, நாய் சாலையின் குறுக்கே ஓடிவிட்டது. வண்டி எதுவும் மோதவில்லை. அந்த அழைப்பு வந்த மாலையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் பெட்டி முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனாலும் அச்சு மாறியதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று அவரிடம் நேராகவே சொன்னேன். இப்போது மாறினால் போனில் தெரிவிக்கிறார். நானும் ஒவ்வொரு புதிய பெட்டியிலிருந்தும் பத்து பக்கிள்களை எடுத்து நாடாவில் கோத்து, நிரம்பிய இருபது லிட்டர் தண்ணீர் கேனை அதில் தொங்கவிட்டுப் பார்க்கிறேன். பாயும் நாயின் இழுப்பு அதைவிடப் பலமானது என்பதால், தொங்கும் கேனைக் கையால் ஒருமுறை அழுத்தியும் விடுகிறேன்.

பொருள் வாங்கிய கையோடு, தைத்து முடித்த பார்சல்களை இராஜாஜி சாலையிலுள்ள தலைமை அஞ்சலகத்தில் ஸ்பீடு போஸ்டில் சேர்த்துவிட்டு வர முடிகிறது என்பது எனக்குக் கூடுதல் வசதி. வாரத்தில் ஒரு காலைப் பொழுதுக்குள் இரண்டு வேலையும் முடிந்துவிடுகிறது.

பூனைப் பட்டை செய்பவர்களுக்கு மட்டும் இந்தக் கடையை இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பூனை கிளையிலோ ஜன்னல் கம்பியிலோ மாட்டிக்கொண்டால், இழுத்ததும் தானாகத் திறந்துகொள்ளும் பக்கிள் அதன் கழுத்தில் இருக்க வேண்டும். இங்கே கிடைக்கும் பை பக்கிள், பக்கவாட்டில் அழுத்தினால் தவிர எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. அது பூனையின் உயிரையே வாங்கிவிடும். அதனால் பூனைப் பட்டை கேட்டு வருகிறவர்களை இன்றும் திருப்பி அனுப்புகிறேன். தானாகத் திறக்கும் பக்கிளை வரவழைக்க முடியும், ஆனால் ஒரு பெட்டிக்கு ஆயிரம் உருப்படி என்பதால் ஒருவருக்காக எடுக்க இயலாது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மூன்று பேர் சேர்ந்தால் பெட்டியைப் பிரித்துக் கொடுக்கிறாராம். அவருடைய மேசையிலுள்ள நோட்டுப் புத்தகத்தில் இருநூற்று ஐம்பது உருப்படிக்கு என் பெயரை எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி காலியாக இருக்கிறது.