ஒட்டுப்போர்வை தைக்க எது தோது: கால்மிதி மெஷினா, புது மின்சார மெஷினா, வெறும் ஊசியா?

தையல் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, “இதுல எத்தனை வகை தையல் போடலாம்?” என்றுதான். பெட்டியின் மேலும் அந்த எண்தான் பெரிதாக இருக்கும். பழைய புடவைகளைச் சதுரமாக வெட்டி இணைத்துப் போர்வை தைப்பவருக்கு அந்த எண்ணால் பயனே இல்லை. வேண்டியது ஒரே தையல், நேர்த்தையல். அது கோணாமல், நாம் நினைத்த இடத்தில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

கல்லூரி முடித்த கையோடு தையலை விட்டவள் நான். 20 வருடம் கழித்து மறுபடி உட்காரக் காரணம் அம்மாவின் புடவைகள். முழங்கால் வலி வந்து நைட்டிக்கு மாறிய பிறகு அவளுடைய பருத்திப் புடவைகள் பீரோவில் அப்படியே கிடந்தன. யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. போர்வையாக்கலாம் என்று முடிவு செய்தபோது எதில் தைப்பது என்ற குழப்பம் வந்தது. அதனால் ஒரே அளவுத் துண்டுகளை நான்கு விதமாகத் தைத்துப் பார்த்தேன்: அம்மாவின் உஷா கால்மிதியில், அதே மெஷினில் மோட்டார் பூட்டி, சித்தி மகளிடம் இரவல் வாங்கிய புது மின்சார மெஷினில், பிறகு கையால்.

முதலில் ஒரு கணக்கு. 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், தைத்து முடித்த சதுரம் நாலரை அங்குலம். அகலத்துக்கு 13, நீளத்துக்கு 20, ஆக 260 துண்டுகள் வைத்தால் 58.5க்கு 90 அங்குலம். ஒற்றைக் கட்டிலுக்குச் சரியான போர்வை. ஆனால் ரவிக்கை தைத்துப் பழகிய கைக்கு அரை அங்குலம் விடுவதுதான் வழக்கம், பின்னால் பிரித்து விட வசதியாக. அந்த வழக்கத்தில் தைத்தால் அதே 260 துண்டுகள் 52க்கு 80 ஆகச் சுருங்கிவிடும். அதுகூடப் பரவாயில்லை. ஒரு வரிசையில் கால் அங்குலம், அடுத்த வரிசையில் அரை அங்குலம் என்று மாறி மாறி விழுந்தால் மூலைகள் எங்குமே சேராது. நான்கு மூலைகள் ஒரே புள்ளியில் வந்து சேர்வதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகத்தான் இந்த வேலையே.

கால்மிதி மெஷின் என்னை அசர வைத்தது இங்கேதான். ஊசி இறங்கும் தகட்டைக் குனிந்து பாருங்கள். நேர்த்தையல் மட்டும் போடும் பழைய மெஷினில் அது ஒரு சின்ன வட்டத் துளை. வளைவுத்தையலும் (ஜிக்ஜாக்) போடும் புது மெஷினில் ஊசி இடமும் வலமும் ஆட வேண்டும் என்பதால் அந்த இடம் பக்கவாட்டில் அகன்றிருக்கும். பத்து வருடம் துவைத்து மெலிந்த புடவைத் துண்டின் மூலையை அதில் வைத்துத் தொடங்கினால், முதல் குத்திலேயே ஊசி துணியைத் துளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. கீழே நூல் பந்தாகச் சுருண்டு, துண்டைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. முதல் ஆறு துண்டுகளில் இரண்டு அப்படிப் போயின. இதற்கு வழி உண்டு: ஒரு வேண்டாத துணித் துண்டில் தையலைத் தொடங்கி, நிறுத்தாமல் நம் துண்டுக்குள் ஏற்றிவிட வேண்டும். பழகிவிட்டால் தொந்தரவில்லை. ஆனாலும் அம்மாவின் மெஷினில் இந்தப் பிரச்சினை ஒருமுறைகூட வரவில்லை.

வேகத்தையும் சொல்ல வேண்டும். மூலை நெருங்கும்போது மிதியை விட்டுவிட்டு, வலக்கையால் சக்கரத்தைத் தொட்டு, ஒரு தையல், இன்னொரு தையல் என்று ஓட்டிக் கோட்டில் நிறுத்தலாம். நீண்ட நாள் கழித்துத் தையலுக்குத் திரும்புகிறவர்களுக்கு இந்த நிதானம் பெரிய துணை.

குறை இல்லாமல் இல்லை. முதல் நாள் மிதித்தபோது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்துகொண்டே இருந்தது. கால் பழகுவதற்கு இரண்டு மாலைகள் ஆயின. தோல் பெல்ட் தொளதொளத்துப் போயிருந்தது. கொஞ்சம் வெட்டிக் குறைத்துக் கொக்கியை மாட்டினேன். உள்ளே பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் கால் மணி நேரம் ஓட்டித் துடைத்த பிறகுதான் இளகியது. அப்படியும் தையல் விட்டு விட்டு விழுந்தது. அடுக்களையிலிருந்து அம்மா சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தாள்: “ஊசிய மாத்தி மாட்டிருக்கடி. தட்டைப் பக்கம் இடது கைப் பக்கமா இருக்கணும், நூலை வலதுலேருந்து கோரு.” புது மெஷின்களில் முன்னாலிருந்து பின்னால் கோப்பார்கள், நான் அதே நினைப்பில் இருந்தேன்.

1924-ல் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரன், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று காந்தியிடம் கேட்டபோது, அவர் விலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. 1947-ல் அதே ராமச்சந்திரனும் அவர் மனைவி டாக்டர் சௌந்தரமும் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள், சின்னாளப்பட்டியை ஒட்டி. என் போர்வையின் நடுவில் இருக்கும் சிவப்புச் சுங்குடி சின்னாளப்பட்டியில் எடுத்தது என்று அம்மா சொன்னபோது, எங்கள் வீட்டு மெஷின் மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடிப் போனது.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் முழங்காலுக்காக முன்பே ஒரு கடையில் வாங்கிப் பூட்டியது. நீளமாகத் திரைச்சீலை ஓரம் அடிக்க அருமை. சின்னச் சதுரங்களுக்கு அது சரிப்படவில்லை. மிதியை லேசாக அழுத்தினால் அசைவதில்லை; இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒரே பாய்ச்சலாக ஓடுகிறது. நாலரை அங்குலத் தையலில் நிதானிப்பதற்குள் துண்டு முடிந்துவிடுகிறது. நான்கு தையல்கள் கூடும் தடித்த இடத்தில் அந்த வேகத்தில் போய் 16ஆம் நம்பர் ஊசி ஒன்றை முறித்தேன். பெல்ட்டைக் கழற்றி மறுபடி கால்மிதிக்கே மாற்றிக்கொண்டேன்.

புது மின்சார மெஷினைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வேகத்தைத் தனியாகக் குறைத்து வைக்கும் வசதி அதில் இருந்தால் மோட்டாரின் பாய்ச்சல் இருக்காது. ஊசி மேலேயே விளக்கு இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது பெரிய உபகாரம். சாப்பாட்டு மேசையில் வைத்துத் தைத்துவிட்டு அலமாரியில் எடுத்து வைத்துவிடலாம். காஜா போடலாம், பிசிறு வராமல் ஓரம் அடிக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களும், வாடகை வீட்டில் இடமில்லாதவர்களும், போர்வையோடு பிள்ளைகளுக்கு உடுப்பும் தைக்க நினைப்பவர்களும் யோசிக்காமல் இதை வாங்கலாம். போர்வை மட்டும்தான் என்றால், வீட்டில் கால்மிதி இருக்கும்போது பத்தாயிரத்துக்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் நல்ல கத்தரி, நீளமான அளவுகோல், தரமான பருத்தி நூல் எல்லாம் வாங்கி மிச்சமும் இருக்கும்.

ஸ்டேப்ளர் மாதிரி கையில் பிடித்துத் தைக்கும் குட்டி மெஷின் வேண்டவே வேண்டாம். ஒற்றை நூல் சங்கிலித் தையல் அது. நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

துண்டுகளை இணைப்பது பாதி வேலை. மேல்துணி, நடுவில் ஒரு பழைய வேட்டி, அடியில் முழுப் புடவை என மூன்றையும் சேர்த்து ஓட்டுவது மீதிப் பாதி. நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு வைக்க வேண்டியதில்லை, வேட்டியே போதும். அஞ்சரை மீட்டர் புடவையை 2.3 மீட்டராக இரண்டு வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் அடித்துணி ஆயிற்று, முந்தானை மிஞ்சும். வெட்டும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இற்றுப்போன இடம் சல்லடை மாதிரி தெரியும்.

இந்தப் பாதியில் எந்த வீட்டு மெஷினும் ஊசிக்கு ஈடு இல்லை. அடித்துணியை மெஷினின் பற்கள் இழுக்கும், மேல்துணியை அழுத்துகட்டை பிடித்து நிறுத்தும்; மூன்று மடிப்பில் மேல்பக்கம் சுருக்கம் விழுந்துவிடும். சுருட்டிய போர்வையை மெஷினின் கழுத்துக்குள் திணித்துத் திருப்புவது அதைவிடப் பாடு. வங்காளத்துக் காந்தா பழஞ்சேலைகளை அடுக்கி வெறும் ஓடுதையலில் போடுவதுதான். நம் ‘கந்தை’யும் அந்தச் சொல்லும் ஒரே வேர். கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டி என்ற ஒட்டுப்போர்வைக்கு மெஷினே கிடையாது. ஓரத்தில் துண்டுகளை மடித்து வைத்துத் தைக்கத் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். துண்டுத்துணி வேலை நமக்கும் புதிதில்லை. தேரில் தொங்கும் தொம்பைகள் வெட்டுத்துணி வைத்துத் தைத்தவைதானே.

கையால் என்றால் நேரம் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஒரு அங்குல இடைவெளியில் நீளவாக்கில் ஓட்டினால் 130 மீட்டருக்கு மேல் தையல். மெஷினில் துண்டுகளை இணைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஓட்டுவது இரண்டாவது மாதமாக நடக்கிறது. அவசரத்துக்குப் பரிசு கொடுக்க வேண்டுமென்றால் மூன்று மடிப்பையும் குண்டூசியால் இறுக்கிப் பிடித்து, சதுரங்களின் தையல் கோட்டின் மேலேயே மெஷினில் அடித்துவிடுங்கள். சுருக்கம் கொஞ்சம் தெரியும், ஆனால் உழைக்கும்.

எங்கள் போர்வைக்கு இணைப்பு கால்மிதியில், ஓட்டுவது ஊசியில் என்று ஆகிவிட்டது. மெஷினை மிதிக்க முடியாத அம்மா, பிற்பகலில் ஜன்னலோரம் மடியில் போர்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். நான் ஒரு ஓரத்திலிருந்து வருகிறேன், அவள் மறு ஓரத்திலிருந்து. அவள் தையல் அரிசி அளவு, என்னுடையது அவரை விதை அளவு. நேற்று வரை அவள் 19 வரிசை, நான் 11. சுங்குடிச் சதுரங்கள் இன்னும் யார் கைக்கும் எட்டவில்லை.