ஹைதராபாத் பல்கலைக்கழகத் தகவல்தொடர்பியல் துறை: ஒரு மதிப்பீடு

ஊடகக் கல்வி தரும் துறையொன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் மாணவர்கள் குறும்பட விழாக்களில் எத்தனை பரிசு வாங்கினார்கள், வளாக நேர்காணலில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று பார்ப்பதே நம்மிடையே வழக்கம். இந்த அளவுகோலோடு மட்டும் அணுகினால், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் தகவல்தொடர்பியல் துறையின் உண்மையான பலம் கண்ணில் படாமலே போய்விடும். சரோஜினி நாயுடு பெயரிலான கலைப் புலத்தைச் சேர்ந்த இத்துறையின் ஆசிரியர்கள், நம் நாட்டில் சமுதாய வானொலி, அதாவது ஒரு வட்டார மக்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்தும் சிறு வானொலி, வேர்விட்ட வரலாற்றை எழுதியவர்கள் மட்டுமல்லர். அந்த வரலாற்றில் பங்கெடுத்தவர்களும்கூட.

வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புக்குப் பயன்படும் வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கொன்றில் பிறந்த அந்தத் தீர்ப்பின் பயன் எளிய மக்களை வந்தடையப் பல ஆண்டுகள் ஆயின. சமுதாய வானொலி நடத்த முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004இல் ஒலிக்கத் தொடங்கியது அப்படித்தான். தொண்டு நிறுவனங்களுக்கு 2006இல்தான் கதவு திறந்தது. இந்த இடைக்காலத்தைத்தான் இத்துறைப் பேராசிரியர்கள் வினோத் பாவராலாவும் காஞ்சன் மாலிக்கும் 2007இல் வெளியிட்ட ஆய்வு நூலில் பதிவு செய்தார்கள். உரிமம் இல்லாததால் கர்நாடகத்தின் பூதிக்கோட்டை கிராமத்தில் கம்பி வழியாக வீடுகளுக்கு ஒலி அனுப்பப்பட்டதையும், தெலங்கானாவில் தலித் பெண்கள் தங்கள் நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டியதையும் களத்தில் நின்று ஆராய்ந்த நூல் அது. அப்பெண்களின் சங்கம் ரேடியோ 2008இல் மச்னூரில் உரிமத்துடன் ஒலிக்கத் தொடங்கியபோது, அதைத் தொடங்கி வைத்தவர் அந்த 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பி.பி. சாவந்த் என்பது இவ்வாய்வின் வாசகருக்குத் தனி நிறைவு தரும்.

சமுதாய ஊடகத்துக்கான யுனெஸ்கோ ஆய்விருக்கை (ஒரு பொருளை ஆராய்வதற்கென யுனெஸ்கோவின் பெயரில் பல்கலைக்கழகத்தில் அமையும் ஆய்வுப் பிரிவு) 2011இல் இத்துறையில் அமைந்தது. இதன் வழியாகச் சமுதாய வானொலி நிலையங்களுக்காக உருவான தற்சோதனைக் கையேட்டைத்தான் இத்துறையின் மிகப் பயனுள்ள படைப்பு என்பேன். தங்கள் நிலையத்தில் பெண்களின் பங்கு என்ன, உள்ளூர் மொழிக்கு இடமுண்டா, வரவு செலவு வெளிப்படையாக உள்ளதா, கேட்போரின் குறை எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்விகளை நிலையத்தார் தாங்களே எழுப்பிக்கொள்ளவும், பிறிதொரு நிலையத்தைச் சேர்ந்த சகாக்கள் வந்து சரிபார்க்கவும் அது வழிசெய்கிறது. அதிகாரி வந்து மதிப்பெண் போடும் முறையிலிருந்து இது வெகுதூரம் விலகியது. நல்ல விலகல்தான்.

மாணவர் பக்கம் வருவோம். வளாகத்துக்குள்ளேயே 'போல் ஹைதராபாத் 90.4' (இந்தியில் 'போல்' என்றால் 'பேசு') என்ற சமுதாய வானொலி இயங்குவது பெரிய வாய்ப்பு. செய்முறைத் தேர்வுக்காக ஒரு நிகழ்ச்சியைத் தயாரித்து மூலையில் போட்டுவிடும் நிலை இங்கே இல்லை. கேட்பவர் உண்டு என்று தெரிந்து தயாரிக்கிறார்கள். ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது, அகில இந்திய வானொலியின் செய்தியைத்தான் ஒலிபரப்பலாம். இதழியல் பயில வருபவருக்கு இது பெரிய தடை. இது துறையின் குறையல்ல, கொள்கையின் குறை. எனினும் சேருமுன் அறிந்திருக்க வேண்டும்.

ஆய்வுகளும் ஆய்விருக்கையின் செய்தி மடலும் ஆங்கிலத்தில் வெளிவருவதுதான் என் முறையீடு. யாருடைய குரலுக்காக இவ்வளவு பாடுபட்டார்களோ, அவர்களில் பெரும்பாலோரால் இவற்றைப் படிக்க இயலாது.

திரைத்துறையை இலக்காகக் கொண்டவர்களுக்குச் சென்னையிலேயே வேறு நல்ல இடங்கள் உண்டு. ஊடகக் கொள்கை, கள ஆய்வு, முனைவர் பட்டம் என்று எண்ணமுள்ளவர்கள் இத்துறைக்குத் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். அதற்குமுன் மேற்சொன்ன 2007ஆம் ஆண்டு நூலை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.