எண் 58, கத்தி வேறு: ஸ்டெயின்லெஸ் அலகை ஹார்டனிங் செய்ய மூன்று வழிகள்

கேஸ் உலை, மின் உலை, வெளியே கொடுத்து வேக்குவம் ஃபர்னஸ் (காற்றை வெளியேற்றிய உலை). அலகை ஹார்டனிங் செய்ய, அதாவது சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க, சிறு பட்டறையில் ஸ்டெயின்லெஸ் கத்தி செய்பவர் முன்னால் இருப்பவை இந்த மூன்றும்தான். சால்ட் பாத் என்று நான்காவது ஒன்றும் உண்டு. ஆயிரம் டிகிரியில் உருகிக் கிடக்கும் உப்போடு வீட்டில் யாரும் விளையாட வேண்டாம், அதை விட்டுவிடுகிறேன்.

பேச்சுக்கு இரண்டு எஃகுகளை வைத்துக்கொள்வோம். ஒன்று 440சி: கார்பன் 1 சதவீதத்தை ஒட்டி, குரோமியம் 17 சதவீத அளவில். இன்னொன்று ஏஇபி-எல்: கார்பன் 0.67, குரோமியம் 13. ஸ்வீடனில் சவர பிளேடுக்காக உருவான எஃகு இது; இப்போது சமையல் கத்திக்காரர்களின் செல்லப்பிள்ளை. தட்டும் கரண்டியும் செய்கிற 304 இந்தப் பேச்சிலேயே வராது. அதை எவ்வளவு சூடாக்கி எதில் முக்கினாலும் ஹார்டனிங் ஆகாது.

சாதாரண கார்பன் எஃகுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று முதலில் பார்த்துவிடலாம். 1084 போன்ற கார்பன் எஃகு சுமார் 815 டிகிரி செல்சியஸில் தயாராகிவிடும். 770-ஐ ஒட்டி காந்தம் ஒட்டுவது நிற்கும்; அதற்குக் கொஞ்சம் மேலே போய் எண்ணெயில் முக்கினால் வேலை முடிந்தது. லாரிப் பட்டையில் அருவாள் அடிக்கும் கொல்லர், நிறத்தைக் கண்ணால் பார்த்தே அந்தப் பதத்தைச் சரியாகப் பிடித்துவிடுவார். ஸ்டெயின்லெஸ்ஸில் அந்தக் கண் உதவாது. இதில் கார்பனும் குரோமியமும் கார்பைடுத் துகள்களாகப் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் தேவையான பங்கைக் கரைக்க 1040 முதல் 1070 டிகிரி வரை வேண்டும். அங்கேயே 10, 15 நிமிடம் நிறுத்தவும் வேண்டும்; 440சி என்றால் இன்னும் கொஞ்சம் கூட.

சூடு குறைந்தால் கார்பன் போதுமான அளவு கரையாது, அலகு மென்மையாக நிற்கும். குரோமியமும் கரையாததால் துருவும் பிடிக்கும். சூடு கூடினால் கார்பன் அளவுக்கு மீறிக் கரைந்து, குளிரும்போது ஆஸ்டினைட்டில் (சூட்டில் எஃகு எடுக்கும் மென்மையான அமைப்பு) ஒரு பங்கு மார்ட்டென்சைட்டாக (குளிர்ந்ததும் வர வேண்டிய கடினமான அமைப்பு) மாறாமல் அப்படியே தங்கிவிடும். அப்போதும் அலகு மென்மைதான். ஆக, தவறு எந்தப் பக்கம் நடந்தாலும் கடினத்தன்மை குறையும். எந்தப் பக்கம் தவறியது என்பதை, கடினத்தன்மையை எண்ணாக அளக்கும் ராக்வெல் மெஷின் சொல்லாது. தலைப்பில் உள்ள 58 அந்த அளவில் ஒரு எண்.

கேஸ் உலை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். 1050-ஐ எட்டுவது அதற்குப் பெரிய காரியமில்லை. அந்தச் சூட்டில் பத்து நிமிடம் ஏறாமல் இறங்காமல் நிற்பதுதான் முடியாது. நுனி ஒரு சூடு, அடி ஒரு சூடு. போதாக்குறைக்கு மேல்தோலில் செதில் எழும்பும், கார்பனும் வெளியேறும். கையில் இருப்பது கேஸ் உலை மட்டும்தான் என்றால் எஃகை மாற்றுங்கள். 1084-லோ பட்டையிலோ அருமையான கத்தி வரும்.

மின் உலை

நேரம் செலவழிக்கத் தயாராக இருப்பவருக்கு இதில்தான் ஆட்டமே. பிஐடி கன்ட்ரோலரும் (சூட்டைத் தானே சீராக்கும் கருவி) தெர்மோகப்புளும் (சூட்டை அளக்கும் உணரி) இருந்தால் 1065 என்று வைத்த இடத்தில் சூடு நிற்கும். கே வகை தெர்மோகப்புள் இந்தச் சூட்டில் பலமுறை ஓடினால் மெல்ல மெல்லத் தவறாகக் காட்டத் தொடங்கும். அவ்வப்போது புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

காற்றுப் படாமல் இருக்க அலகை ஸ்டெயின்லெஸ் ஃபாயில் பையில் வைத்து, ஓரங்களை இரண்டு மடிப்பாக மடித்து மூடுகிறார்கள். உள்ளே சின்னக் காகிதத் துண்டு ஒன்றைப் போட்டால் அது எரிந்து மிச்ச ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஃபாயிலின் ஓரம் சவர பிளேடு மாதிரி வெட்டும், கையுறை கட்டாயம்.

வெளியே எடுத்ததும் பையோடு இரண்டு தடித்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்திவிட வேண்டும். எண்ணெய் தேவையில்லை. ஸ்டெயின்லெஸ் காற்றிலேயே ஹார்டனிங் ஆகும் என்பது உண்மை. ஆனால் மெதுவாகக் குளிர்ந்தால் கார்பைடு படிக எல்லைகளில் திரும்பப் படியும்; உறுதியும் போகும், துரு எதிர்ப்பும் போகும். தகடு அந்த வேகத்தைத் தருகிறது. அதைவிட முக்கியம், மெல்லிய அலகு கோணாமல் அதுவே பிடித்துக்கொள்கிறது. 2 மில்லிமீட்டர் ஏஇபி-எல் அலகைத் தகடில்லாமல் குளிரவிட்டால் அது எந்தப் பக்கம் வளையும் என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது குளிர்வைப்பு. இந்த எஃகுகளில் மார்ட்டென்சைட் மாற்றம் அறைவெப்பத்தில் முழுதாக முடிவதில்லை. ஆல்கஹாலில் உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போட்டால் மைனஸ் 78 வரை இறங்கலாம், திரவ நைட்ரஜன் மைனஸ் 196. வழக்கமாக ஒன்றிரண்டு ராக்வெல் புள்ளி கிடைக்கும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-ல் கிடைப்பது மிகக் குறைவு. இதில் தள்ளிப்போடக் கூடாது. அலகு ஆறியதும் செய்துவிட வேண்டும். ஒரு ராத்திரி அறையில் கிடந்தால் மிச்ச ஆஸ்டினைட் பிடிவாதமாகிவிடும். உலர்பனி என்றால் ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. ஜெர்மனியின் ஸ்விலிங் நிறுவனம் 1939-லேயே ‘ஃப்ரியோடுர்’ என்ற பெயரில் இந்தக் குளிர்முறையை விற்பனைச் சொல்லாக்கிவிட்டது, அவ்வளவு பழைய சங்கதி.

கடைசியாக டெம்பரிங், அதாவது கடினமான அலகு எளிதில் உடையாமல் இருக்க மிதமாகச் சூடாக்குவது: 175 டிகிரி, இரண்டு மணி நேரம், இரண்டு தடவை. ஏஇபி-எல் ஏறத்தாழ 61-ல் வந்து நிற்கும். சமையலறை ஓடிஜியில் செய்யலாம், ஆனால் அதன் டயலை நம்ப வேண்டாம். தட்டில் மணல் பரப்பி, தனி தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே கொடுத்தால்

டை, மோல்டு தொழில் நடக்கும் ஊர்களில் வேக்குவம் ஃபர்னஸ் வைத்திருப்பவர்கள் உண்டு. செதில் இல்லை, கார்பன் இழப்பு இல்லை, அலகு பளபளவென்று திரும்பி வரும். எடைக்குக் கூலி, குறைந்தபட்சக் கட்டணமும் இருக்கும். அதனால் அலகுகளைச் சேர்த்து மொத்தமாகக் கொடுப்பதுதான் கட்டுப்படி.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அவர்களின் அன்றாட வேலை டி2, எச்13 போன்ற அச்சு எஃகுகள். உங்கள் நாலு அலகுக்காகத் தனி லோடு ஓட்டுவது அவர்களுக்குக் கட்டாது. அச்சுகளோடு சேர்த்துக் கூடையில் போட்டால் அச்சுக்கான சூடும் அச்சுக்கான டெம்பரிங்கும்தான் அலகுக்கும் கிடைக்கும். நிறைந்த கூடையின் நடுவில் மாட்டினால் குளிரும் வேகமும் குறையும்.

“58 வேண்டும்” என்று மட்டும் எழுதிக் கொடுப்பதன் ஆபத்து இங்கேதான். 440சி-யை 1040-ல் ஹார்டனிங் செய்து, குளிர்வைத்து, 200 டிகிரியில் டெம்பரிங் செய்தால் 58-ஐ ஒட்டி வரும். அதே எஃகை 500 டிகிரி பக்கம் டெம்பரிங் செய்தாலும், இரண்டாம் நிலைக் கடினமாதலால் (அந்தச் சூட்டில் நுண்ணிய கார்பைடு படிந்து எஃகு மறுபடி கடினமாவது), கிட்டத்தட்ட அதே எண் வரும். மெஷினுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் 500-ல் குரோமியம் கார்பைடாகத் திரும்பப் படிந்துவிடுகிறது. துருவைத் தடுக்க மிச்சம் இருக்கும் குரோமியம் குறைவு, உறுதியும் குறைவு. எலுமிச்சையும் புளியும் உப்பும் தினமும் படுகிற நம் சமையலறையில் இரண்டும் ஒரே கத்தி இல்லை. சந்தேகமிருந்தால் அலகில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். பிடி போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. உயர் டெம்பரிங்குக்கு ஒரு நியாயமான இடம் உண்டு: பின்னால் அலகு சூடாகும் பூச்சு வேலை இருந்தால். சமையல் கத்திக்கு அது எதற்கு?

அப்படியென்றால் என் தேர்வு? மாதத்துக்கு நாலைந்து அலகு செய்பவர் வெளியே கொடுக்கலாம், ஆனால் செய்முறையோடு. எஃகின் பெயர், ஹார்டனிங் சூடு, நிறுத்தும் நேரம், குளிர்வைப்பு உண்டா இல்லையா, டெம்பரிங் 200-க்கு மேல் போகக் கூடாது என்ற குறிப்பு, இவ்வளவும் வேலைச் சீட்டில் இருக்கட்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் கொடுக்காதீர்கள். விதவிதமான எஃகில், விதவிதமான தடிமனில் முயன்று பார்க்க ஆசைப்படுபவருக்கு மின் உலைதான். அந்தப் பணம் வீணாகாது.

எண்ணையும் கத்தியின் வேலைக்குத் தகுந்தே கேளுங்கள். ஜெர்மன் சமையல் கத்திகள் பெரும்பாலும் 1.4116 என்ற ஸ்டெயின்லெஸ் எஃகில் 55 முதல் 58 வரை நிற்கின்றன; கொஞ்சம் முரட்டுக் கையையும் தாங்கும். காய்கறிக்கான மெல்லிய ஏஇபி-எல் என்றால் நான் 60, 61 கேட்பேன். மீன் தலையும் எலும்பும் வெட்டும் கத்திக்கு அந்த எண்ணைக் கேட்க மாட்டேன், கூர் சில்லுத் தெறிக்கும்.

திரும்பி வந்த அலகைச் சோதிக்கும்போது சரிவான பக்கத்தில் ராக்வெல் போடாதீர்கள். பிடிக்கு அருகே தட்டையான இடத்தில், செதிலைத் தேய்த்து எடுத்த பிறகு போடுங்கள். மெஷின் கிடைக்காவிட்டால் ஹார்ட்னஸ் ஃபைல் செட் (வெவ்வேறு கடினத்தன்மை கொண்ட அரங்கள்) இருக்கிறது. 5 புள்ளி இடைவெளியில்தான் காட்டும், 58-ஆ 60-ஆ என்று அது பிரித்துச் சொல்லாது. எண் குறைவாக வந்தால் டெம்பரிங்கை மறுபடி செய்து ஏற்ற முடியாது, ஹார்டனிங்கிலிருந்தே தொடங்க வேண்டும். ஏற்கெனவே கூர் வரை சாணை பிடித்த மெல்லிய அலகு அந்த இரண்டாவது சூட்டில் கோணிவிட வாய்ப்பு அதிகம். அதனால் விளிம்பில் கொஞ்சம் தடிமன் விட்டே உலைக்கு அனுப்புங்கள்.