லப்டொப் வைஃபை திருத்தக் கொடுக்கிறீர்களா? உள்ளே இருக்கும் வைஃபை காட்டின் (card) பெயரைக் குறித்துவிட்டுக் கொடுங்கள்

யாழ்ப்பாணத்தில் லப்டொப் திருத்தக் கொடுப்பவர்கள், குறிப்பாக "வைஃபை வடிவா எடுக்குதில்லை" என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்கள், இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். ஒரு கடையில் எங்கள் லப்டொப்பிலிருந்த நல்ல வைஃபை காட்டை, அதாவது வைஃபை சிக்னலை வாங்கும் சின்னப் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மட்டமான ஒன்றைப் போட்டு, அதற்கு 14,500 ரூபா வாங்கினார்கள். அதற்குப் பிறகும் சிக்னல் வரவில்லை என்றதும் 7,000 ரூபாவுக்கு ஒரு பூஸ்டரையும் (ரவுட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) விற்றார்கள். இத்தனைக்கும் அந்தப் பழுது உண்டானதே அவர்களின் மேசையில்தான்.

மகளின் லப்டொப் மூடிப் பிணைச்சல் உடைந்து, நகரில் ஒரு கடையில் கொடுத்து மாற்றினோம். பிணைச்சல் வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து பின்னறையில் வைஃபை விட்டுவிட்டு வந்தது. எங்களுடையது கோண்டாவிலில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய பழைய கல்வீடு. சுவர்கள் நல்ல தடிப்பு, ரவுட்டர் இருப்பது முன் விறாந்தைப் பக்கம். பின்னறைக்குச் சிக்னல் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். என்றாலும் அவள் முன்பு அங்கே இருந்துதான் சூம் வகுப்புகள் எல்லாம் பார்த்தவள். இப்போது விறாந்தைக்கு வந்தால்தான் படம் அசைந்தது. அதே பின்னறை மேசையில் என் போனுக்கு மூன்று கோடு காட்டியது.

இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் போன், லப்டொப் இரண்டுக்குமே சிக்னல் மெலிவு என்றால் ரவுட்டரையோ அது இருக்கும் இடத்தையோ கவனிக்கலாம். போனுக்கு நன்றாக வந்து லப்டொப்புக்கு மட்டும் வராவிட்டால், சந்தேகம் முதலில் லப்டொப்பின் மேல்தான் போக வேண்டும். பூஸ்டர் அதற்கு மருந்தல்ல.

அதே கடைக்குத் திரும்பக் கொண்டுபோனோம். "காட் போட்டுது அக்கா, மாத்தினாச் சரி" என்றார் அங்கிருந்தவர். "பிணைச்சல் மாத்தின பிறகுதானே தம்பி இப்பிடி?" என்று கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை."

தொடர்பு இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பெரும்பாலான லப்டொப்புகளில் வைஃபை அன்டெனா திரையைச் சுற்றி மூடிக்குள்தான் இருக்கும். அங்கிருந்து இரண்டு மெல்லிய வயர்கள், அநேகமாக ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை அல்லது சாம்பல், பிணைச்சல் வழியாகக் கீழே இறங்கி வைஃபை காட்டில் சின்னப் பொத்தான் மாதிரி அழுத்திப் பூட்டப்படும். பிணைச்சலைக் கழற்றுகிறவர் இந்த வயர்களைத் தொடாமல் வேலை செய்ய முடியாது. ஒன்று கழன்றாலும் ரவுட்டருக்குப் பக்கத்தில் இணைப்பு கிடைக்கும். தூரம் போனால் விழுந்துவிடும். எங்களுக்கு நடந்தது அச்சொட்டாக அதுதான்.

காட் மாற்றி வந்த பிறகு பின்னறையில் ஒரு முன்னேற்றமும் இல்லை. அதோடு இன்னொன்றையும் மகள் கண்டுபிடித்தாள். எங்கள் ரவுட்டர் இரண்டு பெயரில் வைஃபை விடும், ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில், மற்றது 5 இல். அந்த 5 உள்ள பெயர் லப்டொப் பட்டியலிலிருந்தே காணாமல் போயிருந்தது. போனில் வழமைபோல இருந்தது. கடையில் சொன்னதற்கு, "அப்ப ரவுட்டர்தான் வீக், பூஸ்டர் ஒண்டு போடுங்கோ" என்று ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார்கள். அதுவும் 2.4 மட்டும் எடுக்கும் பூஸ்டர். நான்கு கொம்பு (வெளி அன்டெனா) இருந்தது. கொம்பின் எண்ணிக்கையைப் பார்த்து எதையும் நம்பாதீர்கள்.

அக்காவின் மகன் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது அவன்தான் அடிமூடியைக் கழற்றினான். "சின்னம்மா, இஞ்ச வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டான். கறுப்பு வயர் போகவேண்டிய வழியால் போகாமல், பிணைச்சல் ஆணிக்கு அடியில் நசிந்து, நுனி காட்டுக்கு எட்டாமல் நின்றது. அதாவது பிணைச்சல் பூட்டிய அன்றே அது மாட்டுப்படவில்லை. அவன் அதை நிமிர்த்தி, சரியான வழியால் எடுத்துப் பூட்டினான். வயர் அறாமல் இருந்தது நல்லகாலம். பின்னறையில் சிக்னல் உடனே ஏறியது. அந்த மட்டமான காட்டுடனேயே ஏறியது!

வாங்கும்போது உள்ளே இருந்தது இன்டெல் டுவல் பாண்ட் 8265, பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. இப்போது இருப்பதன் பெயரில் "802.11பி/ஜி/என்" என்றுதான் உண்டு. இவை காட் எடுக்கும் வைஃபை வகைகளைக் குறிக்கும் எழுத்துகள். இந்த வரிசையில் ஏ, ஏசி, ஏஎக்ஸ் ஒன்றுமே இல்லையென்றால் அந்தக் காட் 5 கிகாஹேர்ட்ஸ் எடுக்காது. அயல் வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் 2.4 இல் நெருக்கியடிக்கும் இடத்தில் அது பெரிய இழப்பு. 2.4 இன் உட்பிரிவுகளான சனல்களில் ஒன்றோடொன்று முட்டாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்றுதான்.

பழைய காட்டைக் கேட்டபோது "எறிஞ்சாச்சு" என்றார்கள். அது எங்கள் பொருள். யாரைக் கேட்டு எறிந்தார்கள்? வேலை செய்த காட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பற்றுச்சீட்டில் "திருத்தம்" என்று ஒரே சொல். என்ன போட்டார்கள், என்ன எடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை.

ஆகவே கொடுக்க முன்பு வின்டோஸில் டிவைஸ் மனேஜரைத் (Device Manager) திறந்து, நெட்வேர்க் அடப்டர்ஸ் (Network adapters) என்பதன் கீழ் வரும் பெயரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கழற்றும் பாகம் எதுவானாலும் திருப்பித் தரவேண்டும் என்று முதலே சொல்லி, பற்றுச்சீட்டிலும் எழுதுவியுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. அதிகார சபையின் முறைப்பாட்டு எண் 1977. நான் படங்களோடு முறைப்பாடு எழுதிவிட்டேன்.

பூஸ்டர் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களும் இருப்பீர்கள். அதைச் சிக்னல் செத்த அறைக்குள் கொண்டுபோய்ச் செருகாதீர்கள். ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் இடையில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவுப் பூஸ்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முடிந்தால் ரவுட்டரையே வீட்டின் நடுப்பகுதிக்கு, உயரமான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.