கல்வெட்டா, குழியா?

முதுகலைக்கு விண்ணப்பித்தபோது வரலாறு, தொல்லியல் இரண்டுக்கும் படிவம் வாங்கி வைத்திருந்தேன். சேர்ந்தது வரலாற்றில். தொல்லியலில் என் அனுபவம் ஒரு கோடைக்கால அகழாய்வு முகாமில் உடைந்த பானை ஓடுகளைக் கழுவி எண் எழுதியது மட்டும்தான். அந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் வாசியுங்கள்.

எழுத்துக்கு முந்திய காலம் முழுவதும் தொல்லியலுக்குச் சொந்தம். எழுத்து வந்த பிறகும் கல்வெட்டு பெரும்பாலும் கோயில், நிலம், வரி, தானம் என்றே பேசும். குயவர் வீட்டு அடுப்பைக் காட்டுவது அகழாய்வுக் குழிதான். இதிலெல்லாம் எனக்கு வாதமில்லை.

தேர்ந்தெடுக்கும்போது நான் பார்த்தது ஒன்றைத்தான்: ஒருவர் சொன்னதை இன்னொருவர் மூலத்துக்கே போய்ச் சரிபார்க்க முடியுமா? சோழர் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அவற்றில் வலுவான மைய ஆட்சியைக் கண்டார். 1980இல் பர்ட்டன் ஸ்டைன் அதை மறுத்தார். அரசரின் நேரடி அதிகாரம் தலைநகரை ஒட்டிய பகுதியோடு சரி, வெளியே ‘நாடு’ எனப்பட்ட உள்ளூர்ப் பகுதிகள் தம் போக்கில் இயங்கின என்றார். நொபுரு கராஷிமாவும் சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையும் பட்டங்களையும் ஒவ்வொன்றாக எண்ணி, அதிகாரிகள் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று ஸ்டைனுக்குப் பதில் சொன்னார்கள். இத்தனை சண்டைக்கும் கல் அங்கேயே நிற்கிறது. நாளை இன்னொருவர் போய்ப் படிக்கலாம்.

குழியில் அது நடக்காது. மண்ணடுக்கைத் தோண்டி எடுத்துத்தான் படிக்க வேண்டும். எடுத்த பிறகு அடுக்கு இல்லை. முகாமில் ஒரு நாள், எந்தக் குழி, எந்த ஆழம் என்ற சீட்டை ஒரு கூடையில் வைக்க மறந்துவிட்டேன். கூடை நிறைய நல்ல ஓடுகள். எதற்கும் பயன்படாமல் ஓரமாகக் கொட்டப்பட்டன.

அப்படியென்றால் எல்லாம் அறிக்கையில்தான் இருக்கிறது. 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் மார்டிமர் வீலர் மறு ஆண்டே அறிக்கையை அச்சிட்டார். அதனால்தான் விமலா பெக்லி 1983இல் அவருடைய காலக்கணிப்பைக் கேள்வி கேட்க முடிந்தது. பிறகு 1989 முதல் 1992 வரை அங்கேயே புதிதாகத் தோண்டி, ரோம வணிகத்துக்கு முன்பே அங்கு குடியிருப்பு இருந்ததைக் காட்டினார். ஆதிச்சநல்லூரில் 2004–05இல் நடந்த அகழாய்வின் அறிக்கைக்கோ பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அதுவரை வெளியில் இருப்பவர் எதை வைத்து மறுப்பது?

இப்போது குழிகளை முப்பரிமாணப் படமாகப் பதிகிறார்கள். என் குறையை அது பாதி தீர்த்துவிடலாம். நான் அதில் வேலை செய்ததில்லை.

ஒரு வேடிக்கை: மைசூருவில் இருக்கும் கல்வெட்டியல் பிரிவு இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் வருகிறது. வரலாற்றைத் தேர்ந்தெடுத்த நான் மைப்படி (கல்வெட்டைத் தாளில் மையால் எடுத்த படி) பார்க்க விண்ணப்பம் எழுதியதும் அங்கேதான்.