மலையில் சார்ஜ் போகும், சேலத்தில் பேட்டரி போகும்: ஒரே போனுடன் நான்கு வருடம்

ஏற்காடு மலையில், நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுகிற வேலை பார்க்கிறேன். வீடு சேலம் கோரிமேட்டில். வாரத்தில் நான்கு நாள் மேலே, மூன்று நாள் கீழே. பழம் எடை போட்ட சீட்டைப் படம் எடுத்து அனுப்புவது, செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் ஆள் கணக்கு ஏற்றுவது, சனிக்கிழமை சாயங்காலம் கூலியை யூ.பி.ஐ.யில் போடுவது எல்லாம் ஒரே போனில்தான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கிற காலத்தில் அந்தப் போன் அணைந்தால், வேலை முடித்து வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் கூலிக்காகக் காத்து நிற்பார்கள். பேட்டரி விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்தது அதனால்தான்.

இப்போது கையில் இருப்பது 2021 ஜூலையில் வாங்கிய நடுத்தர விலை ஆண்ட்ராய்டு. 5000 எம்.ஏ.எச். பேட்டரி. நான்கு வருடம் தாண்டிவிட்டது, இன்னும் பேட்டரி மாற்றவில்லை. அக்யூபேட்டரி செயலியின் கணக்குப்படி 4200க்குப் பக்கத்தில் கொள்ளளவு மிச்சம் இருக்கிறது. இதற்கு முன் வைத்திருந்த போனின் பேட்டரி இரண்டு வருடம்கூட வரவில்லை. ஆளும் அதே ஆள், வேலையும் அதே வேலை, பழக்கம்தான் மாறியது.

அந்தப் பழைய போனின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ராத்திரி பத்து மணிக்குச் சார்ஜில் போட்டால் காலை ஆறு மணிக்குத்தான் எடுப்பேன். ஒரு மணிக்கே நூறு ஆகியிருக்கும். மீதி ஐந்து மணி நேரமும் நூறிலேயே, அந்த வெக்கையில், தடித்த ரப்பர் கவருக்குள் கிடக்கும். பகலில் வண்டி ஹேண்டில்பாரில் மாட்டி, வழி பார்த்துக்கொண்டே செவ்வாய்ப்பேட்டை, சூரமங்கலம் என்று சுற்றுவேன். ஏப்ரல், மே மாதத்தில் சேலம் வெயில் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனைத் தொட்டால் கை சுடும். அப்படியே சார்ஜரும் குத்துவேன்.

முதலில் டிசம்பரில் தெரிந்தது. மேலே பனி இறங்கிய ஒரு காலையில் 20 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன், படம் எடுக்கப் போனபோது சட்டென்று அணைந்தது. தேய்ந்த பேட்டரிக்குள் மின்தடை ஏறியிருக்கும். குளிரில் அது இன்னும் கூடும். கேமரா ஒரேயடியாக மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் விழுந்துவிடும். அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது, குளிர்தான் காரணம் என்று நினைத்துவிட்டேன். அடுத்த கோடையில் போனின் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தது. பழைய பஸ் நிலையம் பக்கம் செல்போன் சரிபார்க்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். பார்த்த உடனே, "அண்ணா, இனிமே இதைச் சார்ஜ்ல போடாதீங்க. பேட்டரி உப்பிடுச்சு. அமுக்கினாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும்" என்றார். உப்பின பேட்டரியைக் குப்பையிலும் போடக்கூடாது, மின்கழிவு வாங்குகிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லித் தந்தார்.

அதற்குப் பிறகுதான் ஒன்று புரிந்தது. காலையில் ஏற்றின சார்ஜ் சாயங்காலம் வரை நிற்குமா என்பது ஒரு கேள்வி. பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும் என்பது வேறு கேள்வி. நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். என் விஷயத்தில் முதல் பிரச்சினை மலையில் இருந்தது, இரண்டாவது பிரச்சினை சேலத்தில் இருந்தது.

சேலத்து விஷயத்தை முதலில் பார்ப்போம். லித்தியம் அயான் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: வெப்பம், முழுச் சார்ஜிலேயே நெடுநேரம் இருப்பது. இரண்டும் சேர்ந்தால் கேடு பன்மடங்கு. 40 டிகிரி வெப்பத்தில் நூறு சதவீதச் சார்ஜுடன் ஒரு பேட்டரியை ஒரு வருடம் சும்மா வைத்தாலே, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு திரும்பி வராமல் போய்விடும். அதே வெப்பத்தில் 40 சதவீதச் சார்ஜோடு வைத்தால் இழப்பு சுமார் 15 சதவீதம்தான். ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. சேலத்துக் கோடைப் பகல் அந்த 35ஐ எளிதாகத் தாண்டிவிடும். என் பழைய போன் ராத்திரியெல்லாம் நூறிலும், பகலெல்லாம் வெயிலிலும் இருந்தது. இப்போது நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

புதுப் போன் வந்ததும் மாடியில் சார்ஜ் போடுவதை நிறுத்தினேன். கீழே, சாமி அலமாரிக்குப் பக்கத்தில், கல் மேடையில் கவரைக் கழற்றி வைத்துதான் சார்ஜ் ஏற்றுகிறேன். ராத்திரி போடுவதில்லை. காலையில் எழுந்து பல் விளக்கி, காபி குடித்து, குளித்து வருவதற்குள் 80 வந்துவிடும், எடுத்துவிடுவேன். சாயங்காலம் 30க்கு வந்தால் மறுபடி கொஞ்சம். இப்போது வரும் பல போன்களில் 80இல் தானாக நிற்கும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. இருந்தால் கட்டாயம் போட்டுவிடுங்கள். என் போனில் இல்லாததால் செயலியில் 80க்கு மணி அடிக்க வைத்திருக்கிறேன். மலைக்குப் போகிற நாளில் மட்டும் கிளம்புவதற்குச் சற்று முன் நூறு வரும்படி ஏற்றுவேன். அதில் தப்பே இல்லை, நூறிலேயே கிடக்கவிடுவதுதான் தப்பு.

வேகச் சார்ஜரை அவசரத்துக்கு மட்டும் எடுக்கிறேன். மற்ற நேரம் பழைய 10 வாட் சார்ஜர்தான். வேகச் சார்ஜே கெடுதல் என்று சொல்ல மாட்டேன், அது கிளப்பும் சூடுதான் கெடுதல். வண்டியில் இப்போது போன் சட்டைப்பையில் இருக்கும். வழி தெரியாவிட்டால் நிறுத்திப் பார்த்துக்கொள்கிறேன்.

சரி, மலைக்கு வருவோம். அங்கே குளுகுளுவென்று இருக்கும், பேட்டரியின் ஆயுளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் சேலத்தில் சாயங்காலம் 50 காட்டும் போன், எஸ்டேட்டில் மதியம் மூன்று மணிக்கே 20க்கு வந்துவிடும். அதே போன், அதே வேலை. வெகுநாள் காரணம் பிடிபடவில்லை. பேட்டரிப் பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, திரைக்கு அடுத்த இடத்தில் மொபைல் நெட்வொர்க் நின்றது.

டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகப் பேசும், தூரத்தில் இருந்தால் கத்தும். 4ஜி போன் தேவைப்பட்டால் 200 மில்லிவாட் வரை வலுவை ஏற்றி அனுப்பும். நல்ல சிக்னலில் அதில் சிறு பங்கே போதும். சில்வர் ஓக் மரமும் மேடு பள்ளமுமாக இருக்கிற எங்கள் தோட்டத்தில் போன் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதைவிட மோசம் இரண்டாவது சிம். எஸ்டேட்டில் ஒரு நிறுவனத்தின் டவர்தான் எட்டும். இன்னொரு சிம்முக்குப் பெரும்பாலான இடத்தில் கோடே இல்லை. அது காலையிலிருந்து சாயங்காலம் வரை டவரைத் தேடித் தேடிச் சார்ஜைத் தின்றிருக்கிறது.

அந்தச் சிம்மை அமைப்புகளில் அணைத்துவைத்தேன். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு 41 சதவீதம். இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. நான்கு வருடத்தில் நான் செய்த மாற்றங்களிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான். மலையிலோ காட்டு ஓரத்திலோ வேலை பார்ப்பவர்கள் மற்றதெல்லாம் விட்டாலும் இதைச் செய்து பாருங்கள். வங்கிக் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்கு வருமென்றால், பணம் போடும் நேரம் மட்டும் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு வந்து திறந்துகொள்ளலாம்.

மலைப்பாதையிலும் இப்படித்தான். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறும்வரை சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஏரோபிளேன் மோடில் போட்டு, மேலே ஏரிப் பக்கம் வந்ததும் எடுத்துவிடுவேன். என் மனைவி வைத்திருப்பது 5ஜி போன். மேலே வரும்போது அதை 4ஜிக்கு மாற்றிவைக்கிறோம். அதிலும் மிச்சம் தெரிகிறது.

பலன் தராதவற்றையும் சொல்ல வேண்டும். கறுப்புத் திரை என் போனில் எதுவும் செய்யவில்லை. அது எல்.சி.டி. திரை, கறுப்பைக் காட்டினாலும் பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஓ.எல்.இ.டி. திரை வைத்திருப்பவர்களுக்குத்தான் அது உதவும். செயலிகளை அடிக்கடி தள்ளித் தள்ளி மூடுவதும் வீண், திரும்பத் திறக்கும்போது கூடுதல் வேலைதான். புதுப் போனை எட்டு மணி நேரம் சார்ஜ் போடு, பூஜ்யம் வரை இறக்கி ஏற்று என்பதெல்லாம் பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பேச்சு. லித்தியத்தை அடிக்கடி பூஜ்யத்துக்கு இறக்கினால் கெடுதல்தான். வாட்ஸ்அப்பில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தியது கொஞ்சம் உதவியது. காபி காயப்போடுகிற களத்தில் நின்று வெயிலில் எடைக் கணக்குப் போடும்போது மட்டும் வெளிச்சத்தைக் குறைக்க வழியில்லை. எண் தப்பாகப் பதிந்தால் ஒருவர் கூலி தப்பாகிவிடும். அந்தச் செலவு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐப்பசி மழையில் மேலே கம்பி மேல் மரம் விழுந்தால் ஒரு நாள், இரண்டு நாள்கூடக் கரண்ட் வராது. அதற்காக 10000 எம்.ஏ.எச். பவர்பேங்க் ஒன்று வைத்திருக்கிறேன். அந்த 10000 உள்ளே இருக்கும் பேட்டரியின் அளவு. வோல்டேஜ் மாறி வரும் வழியில் இழப்பு போக, கையில் கிடைப்பது 6000, 6500தான். என் போனை இரண்டு தடவை நிரப்பும் என்று நம்பி வாங்கினேன், ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் எஸ்டேட்டில் வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் அண்ணன் தன் போனை நீட்டினார். "ரைட்டரே, மத்தியானம் சோறு திங்கிறதுக்குள்ள செத்துப்போகுது. பேட்டரி மாத்தணுமா பாருங்க" என்றார். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத போன். இரண்டு சிம், ஒன்றுக்குச் சிக்னலே இல்லை. அதை அணைத்துக் கொடுத்து, "ஒரு வாரம் பாருங்கண்ணே, அப்புறம் கடைக்குப் போகலாம்" என்றேன். சனிக்கிழமை கூலி போட்டு முடித்து இறங்கும்போது திரையைத் திருப்பிக் காட்டினார். மணி ஆறேகால், சார்ஜ் 38.