இந்திராநகர் ஒயின் டேஸ்டிங்: திராட்சைக்காகவே போகலாம், ஆனா ரெட் ஒயின சூடா ஊத்துறாங்க

பிப்ரவரி கடைசில நானும் தங்கச்சியும் பெங்களூர் இந்திராநகர்ல ஒரு ஒயின் கடை மாடில நடந்த டேஸ்டிங்குக்குப் போனோம், தலைக்கு 1,800 ரூபா, நாலு கிளாஸ், கூட கொஞ்சம் சீஸ். நாலுமே நம்ம நாட்டுல விளைஞ்ச திராட்சை, அதுக்காகத்தான் போனதே.

முதல்ல நாசிக் செனின் பிளாங்க், அடுத்து அங்கேர்ந்தே சாவிக்னான் பிளாங்க். ரெண்டும் பிரான்ஸ் ரகத் திராட்சைல செஞ்ச வெள்ளை ஒயின், ரெண்டும் ஜில்லுன்னு நல்லாருந்துச்சு.

மூணாவது ஷிராஸ்ங்கிற ரெட் ஒயின். மோந்து பார்த்ததுமே "அக்கா, ரசத்துக்கு மிளகு தட்டுற வாசனை வருது"ன்னா தங்கச்சி. நடத்துறவர் சந்தோஷமாயிட்டார், மிளகுல இருக்குற ரோட்டண்டோன்ங்கிற அதே பொருள்தான் இந்தத் திராட்சைத் தோல்லயும் இருக்காம்.

கடைசில நந்தி மலை அடிவாரத்து கேபர்நே சாவிக்னான், இதுவும் ரெட்தான், அதோட திராட்சைக் கொத்தையே கொண்டாந்து வச்சிருந்தாங்க, பக்கத்துலயே பெங்களூர் புளூ கொத்து (2013ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம ஊரு ஜூஸ் திராட்சை). கேபர்நே பழம் சுண்டைக்காய் சைஸ்தான், தோல் தடிமன், கடிச்சா பாதி விதை, ஆனா இனிப்பு தின்கிற திராட்சையை விட ஜாஸ்தி. அந்தத் தோல்லேர்ந்துதான் ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் வருது. பெங்களூர் புளூவோ பிதுக்குனா தோல் தனியா சதை தனியா வழுக்கிட்டு வருது.

எங்க சொந்த ஊரு கம்பம். ஏப்ரல்ல ஒரு கவாத்து (கொடியை வெட்டி விடுறது), மழை ஓயுற செப்டம்பர்ல இன்னொரு கவாத்து, ஜனவரிலேர்ந்து மார்ச்சுக்குள்ள அறுவடைன்னு நாசிக் கணக்கை அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்க தாத்தா தோட்டத்துப் பந்தல்தான் கண்ணுல நின்னுச்சு. நம்ம பன்னீர் திராட்சையும் மஸ்கட் ஹாம்பர்க்ங்கிற ஐரோப்பிய ரகம்தான், 2023ல அதுக்கும் குறியீடு கிடைச்சிருக்குன்னு நான் சொன்னதும் அதை நோட்ல எழுதிக்கிட்டார் மனுஷன், மனசு நிறைஞ்சு போச்சு.

குறைன்னா ரெட் ரெண்டையும் அலமாரிலேர்ந்து எடுத்து அப்படியே ஊத்திட்டாங்க. மத்தியானம் மூணு மணி, ஏசியும் இல்ல, 16-18 டிகிரில குடிக்க வேண்டியது வெதுவெதுன்னு இருந்தா சாராய நெடிதான் முன்னாடி நிக்கும், பாவம் அந்த கேபர்நே. ஐஸ் கேட்டா ரெட்டுக்கு வைக்க மாட்டோம்னாங்க, அது தப்பு, பத்து நிமிஷம் ஐஸ் தண்ணில வச்சிருந்தாலே போதும்.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார் குடுப்பேன். போறவங்க சாயங்கால பேட்ச் புக் பண்ணுங்க, வண்டி எடுக்காம மெட்ரோல போங்க.